பிளட்லைன் உடையத் தொடங்கியது எந்த இரவில்?

#1 கிழக்குமூலை

போன வாரம் தம்பிக்குக் காய்ச்சல். இரண்டு நாள் அவனோடு வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தத்தில் ரோமன் ரெய்ன்ஸ் தன் உறவுக்காரர்களைச் சேர்த்து நடத்திய பிளட்லைன் அணியின் கதையை ஆரம்பத்திலிருந்து போட்டுக் காட்டினேன். 2020 ஆகஸ்டில் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ரோமன் திரும்பி வருவது, ஒரு வாரத்தில் சாம்பியன் பெல்ட்டைக் கையில் எடுப்பது, பக்கத்தில் ஆலோசகராகப் பால் ஹேமன் வந்து நிற்பது என்று வரிசையாகப் பார்த்தோம். எல்லாம் முடிந்ததும் அவன் கேட்டான்: "இவங்க எப்பண்ணா பிரிஞ்சாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பெல்ட் எப்போது போனது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2024 ஏப்ரல் 7, ஃபிலடெல்ஃபியா, ரெஸில்மேனியா 40 நிகழ்ச்சி, ஜெயித்தவர் கோடி ரோட்ஸ். 1316 நாள் ஆட்சி. ஆனால் அந்த இரவில் உடைய அணி என்று ஒன்று மிச்சமே இல்லை. அது எப்போதோ கலைந்திருந்தது.

எனக்குத் தோன்றுவது 2023 ராயல் ரம்பிள் நிகழ்ச்சி. ஜனவரி 28, சான் அன்டோனியோ. நமக்கு ஞாயிறு காலை. கெவின் ஓவன்ஸைக் கயிற்றோடு விலங்கு போட்டு வைத்து, அவருடைய நண்பரும் அணியில் சேர்ந்திருந்தவருமான சாமி செய்ன் கையில் நாற்காலியைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார் ரோமன். சாமி அந்த நாற்காலியை ரோமன் முதுகில் இறக்குகிறார். எல்லாரும் பேசுவது அந்த அடியைத்தான். நான் பார்த்தது அதற்குப் பின்னால் வந்த ஒரு நிமிடத்தை. ரோமனின் உறவுக்காரர்களான ஊசோ இரட்டையர்களில் ஜிம்மியும், அவர்களின் தம்பி சோலோவும் சாமியை அடிக்கிறார்கள். இரட்டையர்களில் மற்றவன் ஜே அடிக்கவில்லை. முகத்தைத் தேய்த்துக்கொள்கிறான், கண் கலங்கி நிற்கிறான், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் ரிங்கை விட்டு இறங்கி நடந்து போகிறான். அவன் முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இந்த வீடு ஒட்டாது என்று.

உங்களுக்கு எந்த இரவு? பொறுமையாக எழுதுங்கள். இந்தக் கதை எனக்கு மிகவும் முக்கியமானது. கொரோனா காலத்தில் வேலை இல்லாமல் இருந்தபோது சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க ஒரு காரணமாக இருந்தது இதுதான்.

#2 நள்ளிரவு_ரசிகை

எனக்கு ஜெத்தா. 2023 மே 27, நைட் ஆஃப் சாம்பியன்ஸ். நமக்கு இரவு பத்தரைக்கு ஆரம்பித்தது, விழித்திருந்து பார்த்தேன்.

ரோமனும் சோலோவும் ஒரு பக்கம், சாமியும் ஓவன்ஸும் மறுபக்கம். டேக் டீம், அதாவது இருவர் அணி, பெல்ட்டுக்கான மேட்ச். உதவிக்கு வந்த இரட்டையர்கள் தவறுதலாகச் சோலோவை அடித்துவிட, ரோமன் அவர்களைப் பிடித்துத் தள்ளித் திட்டுகிறார். அப்போது ஜிம்மி ரோமனுக்கு ஒரு உதை, சூப்பர்கிக், விட்டான் பாருங்கள். திகைத்து நின்ற ஜேவைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் விட்டான்.

எல்லாரும் ஜே ஜே என்கிறீர்கள், கிழக்குமூலை அண்ணா. முதலில் காலைத் தூக்கியவன் ஜிம்மி. ஜே நடந்து போனான், சரி. ஆனால் மார்ச் மாதமே திரும்பி வந்து சாமியை உதைத்துவிட்டு ரோமன் பக்கம் சேர்ந்துகொண்டானே. ஜனவரியில் உடைந்தது மார்ச்சில் ஒட்டியது என்றால் அது உடைவா? ஜிம்மி உதைத்த பிறகு அணி பழையபடி ஒட்டவே இல்லை. ரோமனுடைய பட்டம் 1000 நாளைத் தொட்டதைக் கொண்டாட இருந்த இரவு அது. அந்த இரவிலேயே அவன் அப்படிச் செய்ததற்காக ஜிம்மியை நான் என்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#3 பழைய_கார்டுக்காரன்

நான் இந்த இழையில் வயதில் மூத்தவனாக இருப்பேன். எங்கள் காலத்தில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஈ) கார்டு வைத்து விளையாடுவோம். உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எதிராளியின் கார்டைப் பிடுங்க வேண்டும். யோகோசூனா கார்டு கையில் இருந்தால் எடை என்று சொன்னால் போதும். அந்த யோகோசூனாவும் ரோமனும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையை நான் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவில் இருந்த என்டபிள்யூஓ அணியை வைத்துத்தான் அளப்பேன். 1996 மே மாதம் ஸ்காட் ஹால் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தான். அடுத்து கெவின் நாஷ். ஜூலை 7, டேடோனா பீச்சில் ஹல்க் ஹோகன் ரசிகர்களுக்கே துரோகம் செய்தார். மூன்று பேர். அந்த மூன்று பேரை வைத்து ஒரு கம்பெனியே தலைகீழானது. திங்கட்கிழமை டிவி ரேட்டிங் போட்டியில் டபிள்யூசிடபிள்யூவின் நைட்ரோ, டபிள்யூடபிள்யூஎஃப்பின் ராவை 83 வாரம் தொடர்ந்து முந்தியது. அப்புறம் என்ன செய்தார்கள்? ஆள் சேர்த்தார்கள். டிபியாசி, ஜயண்ட், போலி ஸ்டிங் என்று ஆரம்பித்து, யார் உள்ளே யார் வெளியே என்று தெரியாத அளவுக்கு. கறுப்பு வெள்ளை ஒரு அணி, சிவப்புக் கறுப்பு ஒரு அணி. 1999 ஜனவரி 4 அன்று ஜார்ஜியா டோமில் ஹோகன் ஒரு விரலால் தொட, நாஷ் மல்லாக்க விழுந்து பெல்ட்டைக் கொடுத்தார். அந்த இரவோடு எனக்கு அது செத்துப்போனது. 2001 மார்ச்சில் கம்பெனியே விற்கப்பட்டது.

பிளட்லைன் அந்தத் தவற்றை மூன்று வருடம் செய்யவில்லை. ரோமன், ஜே, ஜிம்மி, ஹேமன். 2022 செப்டம்பரில் கார்டிஃபில் சோலோ. வெளியாள் என்று பார்த்தால் சாமி ஒருவர். அந்த ஒருவரை உள்ளே விடவே எத்தனை மாதம் எடுத்துக்கொண்டார்கள்! சட்டை கொடுக்க ஒரு கட்டம், ஜே ஏற்றுக்கொள்ள ஒரு கட்டம், வார்கேம்ஸ் மேட்சில் சொந்த நண்பன் ஓவன்ஸை அடித்து விசுவாசத்தை நிரூபிக்க ஒரு கட்டம்.

ஆகவே எனக்குக் கிழக்குமூலை சொன்ன இரவும் ரசிகை சொன்ன இரவும் உடைவு அல்ல. கதை நன்றாக நடந்துகொண்டிருந்தது. குடும்பம் பிரிவது இந்தக் கதையின் பலம். என் கணக்கில் சரிவு 2024 ஏப்ரல் 12. ரெஸில்மேனியா முடிந்த அதே வாரம், டாமா டோங்கா வந்து, அணிக்குத் திரும்பியிருந்த ஜிம்மியை அடித்துத் துரத்திய ஸ்மாக்டவுன் வார நிகழ்ச்சி. அன்றிலிருந்து ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள்.

#4 வைகைக்கரை

எல்லா இடத்திலும் இதைப் பங்காளிச் சண்டை என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் உறவுமுறை பார்ப்போம்.

அஃபா, சீக்கா, இருவரும் அண்ணன் தம்பி. வைல்ட் சமோவன்ஸ் என்று சேர்ந்து ஆடியவர்கள். அவர்களோடு பிறந்தவர் வேரா. சீக்காவின் மகன் ரோமன். வேராவின் பிள்ளைகள் ரிக்கிஷி, உமாகா, டோங்கா கிட். அப்படியானால் ரிக்கிஷி ரோமனுக்கு யார்? அத்தை மகன். மச்சான். மச்சானுடைய பிள்ளைகள் ஜிம்மி, ஜே, சோலோ மூவரும் ரோமனுக்கு மருமகன் முறை. டோங்கா கிட்டின் மகன் ஜேக்கப் ஃபாட்டுவும் அப்படித்தான். ஆங்கில வர்ணனையில் எல்லாரையும் கசின் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நம் மொழியில் முடியாது. நம் வாயில் ரோமன் அவர்களுக்கு மாமா.

இது நம் கணக்கு, சமோவாக்காரர்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆனாலும் இப்படி வைத்துக்கொண்டு ரோமன் ஜேவை அடித்த 2020 அக்டோபர் ஹெல் இன் எ செல் கூண்டு மேட்சைத் திரும்பப் பாருங்கள். பங்காளி அடித்தால் சொத்துக்காக அடிக்கிறான் என்று மனசு சமாதானம் ஆகும். தாய்மாமன் அடித்தால்? சீர் செய்ய வேண்டிய கை அது. "நீ என்னைத் தலைவன் என்று ஏற்காவிட்டால் நீ, உன் அண்ணன், உங்கள் பெண்டாட்டி பிள்ளை எல்லாரும் குடும்பத்துக்கு வெளியே" என்று அந்தக் கை மிரட்டுகிறது. எனக்கு வயிறு கலங்கியது அதனால்தான்.

ராக் (நடிகர் டுவெய்ன் ஜான்சன்) விஷயமும் சொல்லிவிடுகிறேன். ராக்கின் தாய்வழித் தாத்தா பீட்டர் மைவியாவும் ரோமனின் தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள் அல்லர், ரத்த சகோதரர்களாக உறுதி எடுத்துக்கொண்டவர்கள். அதை மதித்தால் ராக்கின் அம்மா ரோமனுக்கு அத்தை, ராக்கும் மச்சான்தான்.

இன்னொன்று. ரோமன் கழுத்தில் போட்டிருக்கும் சிவப்பு மாலைக்கு ஊலா ஃபாலா என்று பெயர். தாழம்பழத்தின் சுளைகளைக் கோத்துச் சிவப்புச் சாயம் பூசியது. நம் கடற்கரையிலும் இருக்கிற தாழைதான். கூடப் பிறந்தவனைச் சமோவ மொழியில் ஊசோ என்பார்கள். இரட்டையர்கள் பெயரோடு வரும் ஊசோ அதுதான். ஒரு அண்ணன் தம்பிக்கு அண்ணன் தம்பி என்றே பெயர் வைத்து, அவர்களைப் பிரிப்பதையே கதையாக வைத்தார்கள்.

#5 கிழக்குமூலை

@வைகைக்கரை, மாமா முறை என்பது எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை. தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்போ சோலோதான் மாமா வீட்லயே தங்கி வளர்ந்த கடைக்குட்டி" என்றான். ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. அண்ணன்கள் இருவரும் போனபிறகும் அவன் மாமா பக்கம் நின்றான். 2023 நவம்பரில் ரியாத்தில் ஜான் சீனாவையே வீழ்த்தினான். கடைசியில் மாமா நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டான்.

@நள்ளிரவு_ரசிகை, மார்ச்சில் ஜே திரும்பியதை நான் ஒட்டியதாக எடுத்துக்கொள்ளவில்லை. போக இடமில்லாமல் வந்தான். அந்த முகத்தைப் பாருங்கள்.

#6 சோலோ_பக்கம்

கார்டுக்காரன் அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 2024 ஏப்ரலுக்குப் பிறகு வந்ததையெல்லாம் ஒரே வரியில் தள்ளுவதை ஏற்க முடியாது.

நான் இந்தக் கதைக்குள் வந்ததே அப்போதுதான். காலேஜ் முதல் வருடம். ஹாஸ்டலில் ஒருவன் போனில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஜூன் 21 ஸ்மாக்டவுன், ஜேக்கப் ஃபாட்டு முதல்முறை வருகிறான். அவ்வளவு பெரிய உடம்பு, பூனை மாதிரி தாவுகிறது. எங்கள் ரூமில் எட்டுப் பேர் கத்தினோம். அதில் ஏழு பேருக்கு ரோமன் யார் என்றே சரியாகத் தெரியாது.

அடுத்த வாரம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஹேமனை மேசைமேல் போட்டு உடைத்தார்கள். ரோமன் வராத நேரத்தில் தலைமையை எடுத்துக்கொண்ட சோலோவை ஏற்க மறுத்ததற்காக ஹேமன் வாங்கிய அடி அது. ஹேமன் கண்ணில் நீர் வழிய நின்றது நடிப்பு என்று தெரிந்தும் தொண்டை அடைத்தது. இதெல்லாம் சரிவு என்றால் சரிவிலும் நல்ல கதை இருந்திருக்கிறது.

சோலோவை யாரும் மதிக்கவில்லை என்பதுதான் அந்தக் கதையே. ரோமனைப் போல ஒற்றை விரலை உயர்த்தினான், மாலை போட்டான், "ஏற்றுக்கொள்" என்றான், ஊர் சிரித்தது. மதிப்பு கிடைக்காத கடைக்குட்டியின் வேதனை எனக்குப் புரிகிறது, நானும் மூன்றாவது பிள்ளை.

#7 டோக்கியோ_இரவு

டாமா டோங்கா பற்றி ஒரு வார்த்தை. அவரை யாரோ புது ஆள் என்று நினைத்தவர்கள் நிறைய. 2013 மே மாதம் ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் பிரின்ஸ் டெவிட் புல்லட் கிளப் என்ற மல்யுத்த அணியை ஆரம்பித்தபோது முதல் நால்வரில் ஒருவர் இவர். டெவிட் போய் ஏஜே ஸ்டைல்ஸ் வந்தார், ஸ்டைல்ஸ் போய் கென்னி ஒமேகா வந்தார், ஒமேகா போய் ஜே வைட் வந்தார். நான்கு தலைவர்களைப் பார்த்த மனிதர்.

அவரும், பின்னால் பிளட்லைனில் சேர்ந்த டாங்கா லோவாவும் டோங்கா நாட்டவரான பழைய மல்யுத்த வீரர் ஹாக்குவின் வீட்டுப் பிள்ளைகள். ரோமன் குடும்பத்தோடு ரத்த உறவு இல்லை, பல வருடப் பழக்கம். "ரத்தம்" என்று பெயர் வைத்த அணிக்குள் பழக்கத்தால் வந்த உறவு நுழைந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கதையில் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. டாமாவுக்கு இருந்த பத்து வருட அனுபவத்தில் கால்வாசி கூட அங்கே பயன்படவில்லை. கார்டுக்காரன் சொல்வதில் இந்த அளவுக்கு எனக்கு உடன்பாடு.

#8 கயிற்றுக்கு_வெளியே

நீங்கள் எல்லாரும் கதைக்குள்ளே நின்று பதில் சொல்கிறீர்கள். நான் எழுதுகிறவர்கள் பக்கம் நின்று பார்க்கிறேன். எனக்குத் தேதி 2023 ஏப்ரல் 2. ரெஸில்மேனியா 39, இரண்டாம் இரவு.

முதல் இரவு நினைவிருக்கிறதா? சோஃபை மைதானம். சாமியும் ஓவன்ஸும் இரட்டையர்களை வீழ்த்தினார்கள். டேக் டீம் மேட்ச் ஒன்று மெயின் ஈவன்ட்டாக வைக்கப்பட்டு, 622 நாள் வைத்திருந்த பெல்ட் கைமாறியது. மைதானமே அழுதது, நானும் அழுதேன். மறுநாள் கோடி ஜெயித்திருந்தால் அது மிகச் சரியான முடிவு. மூன்று வருடக் கதை முழுதாக ஒரு வார இறுதியில் இறங்கியிருக்கும். சோலோ குறுக்கே வந்தான், கோடி தோற்றார்.

அதற்குப் பிறகு ரெஸில்மேனியா 40 வரை பெரிய நிகழ்ச்சிகளில் ரோமன் பெல்ட்டை எத்தனை முறை பணயம் வைத்தார் தெரியுமா? மூன்றே முறை. சம்மர்ஸ்லாமில் ஜே, கிரவுன் ஜுவலில் எல்ஏ நைட், ராயல் ரம்பிளில் நால்வர் மேட்ச். வாரக்கணக்கில் ஆளே வரமாட்டார். ஹேமன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பார். வராத தலைவனுக்கு மரியாதை கேட்பது ஒரு கட்டத்துக்கு மேல் ரசிகனைக் களைப்பாக்கிவிடும்.

சரி, ரோமன் உடல்நிலை எனக்குத் தெரியாமல் இல்லை. 2018 அக்டோபரில் ரிங்கில் நின்று ரத்தப்புற்று திரும்ப வந்திருக்கிறது என்று சொன்ன மனிதர். அவர் குறைவாக ஆடியதை நான் குறை சொல்லவே மாட்டேன். பெல்ட்டை அவரிடமே வைத்திருந்ததைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் 2024 பிப்ரவரி 2. கோடி ரம்பிளில் ஜெயித்து வாங்கிய, ரெஸில்மேனியாவில் ரோமனோடு மோதும் இடத்தை ராக்குக்கு விட்டுக்கொடுத்து இறங்கிப் போன ஸ்மாக்டவுன். அன்று காலை நம் வாட்ஸப் குழுவில் ஒருவர்கூட ராக்கை வரவேற்கவில்லை. சின்ன வயதில் புருவத்தைத் தூக்கி ராக் மாதிரி நடித்துக்காட்டியவர்கள் அத்தனை பேரும் கோடிதான் வேண்டும் என்று எழுதினார்கள். உலகம் முழுக்க அதே குரல். ஆறு நாளில் லாஸ் வேகஸ் மேடையில் திட்டத்தை மாற்றினார்கள். ராக் கோடியை அறைந்தார், கதை திரும்பியது. ரசிகர்கள் கேட்டு ஒரு ரெஸில்மேனியா மாறியதை நான் பார்த்துவிட்டேன். அதற்காக இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம்.

#9 நள்ளிரவு_ரசிகை

@கயிற்றுக்கு_வெளியே, கோடி 39-இல் ஜெயித்திருந்தால் லண்டன் நமக்குக் கிடைத்திருக்காதே! 2023 ஜூலை 1, மனி இன் தி பேங்க். நமக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. ஜே மேலிருந்து பாய்ந்து ரோமனை அழுத்திப் பிடித்து, ரெஃப்ரி மூன்று எண்ணினார். 2019 டிசம்பருக்குப் பிறகு ரோமனின் தோள் மூன்று எண்ணும்வரை தரையில் இருந்தது அன்றுதான். சாம்பியனாக இருந்த மனிதரை வீழ்த்தினான் என்பதால்தான் அந்த மூன்று எண்ணிக்கைக்கு அவ்வளவு எடை.

உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியது அடுத்த மாதம் டெட்ராய்ட். சம்மர்ஸ்லாமில் முகத்தை மறைத்து வந்து ஜேவை இழுத்துப் போட்டது ஜிம்மி. நான் மேலே "விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்று எழுதினேன். அந்த ஒரு இரவுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. "நீயும் ரோமன் மாதிரி ஆகிவிடுவாய் என்று பயந்தேன்" என்று அவன் சொன்ன காரணத்தை நான் நம்பினேன். ஆனால் எழுதியவர்கள் அதைத் தொடரவே இல்லை. ரெஸில்மேனியா 40-இல் அண்ணனும் தம்பியும் மோதினார்கள், உதைக்கு உதை என்று ஓடி முடிந்தது. பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த இருவருக்கு அந்த மேட்ச் போதாது.

சாமி பற்றியும் எழுத வேண்டும். என் பாட்டிக்கு ரெஸ்லிங் புரியாது. ஆனால் நான் "சாமி, சாமி" என்று கத்துவதைக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். 2023 பிப்ரவரியில் மான்ட்ரியல் மேட்ச். சொந்த ஊரில், மனைவி முன்வரிசையில் இருக்க, சாமி தோற்றார். ஜே கயிற்றுக்கு உள்ளே வந்து யார் பக்கம் என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறான். சாமி ரோமனை நோக்கிப் பாய, ரோமன் விலகிக்கொள்ள, அடி ஜே மேல் விழுகிறது. பாட்டி கேட்டார்: "அந்தப் பையன் எதுக்குடி ரெண்டு பக்கமும் அடி வாங்குறான்?" இரண்டரை வருடக் கதையை அவர் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார்.

#10 பழைய_கார்டுக்காரன்

பாட்டிக்கு என் வணக்கம்.

சோலோ_பக்கம் தம்பி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஜேக்கப் ஃபாட்டு விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஏற்கிறேன். எட்டுப் பேர் கத்தினீர்கள் என்றாயே, 1996-இல் நாங்களும் அப்படித்தான் கத்தினோம். எங்களுக்கு முந்தைய ஆட்கள் எங்களைப் பார்த்து இதே மாதிரிதான் பேசியிருப்பார்கள். ஆனாலும் அணி பெரிதானதும் கனம் போனது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கிழக்குமூலை நாற்காலியைப் பற்றி எழுதியதால் ஒன்று. 2014 ஜூனில் ரோமன் இருந்த பழைய மூவர் அணி ஷீல்டு உடைந்தபோது, கூட்டாளி சேத் ரோலின்ஸ் நாற்காலியால் அடித்தது ரோமன் முதுகில். 2023-இல் சாமி அடித்ததும் அதே முதுகில். ரெஸில்மேனியா 40-இல் சேத் பழைய ஷீல்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ரோமன் கையில் நாற்காலி. கீழே கோடி. கோடியை அடித்திருந்தால் பெல்ட் மிச்சம். பத்து வருடத்துப் பழைய அடியை மறக்க முடியாமல் திரும்பி சேத் முதுகில் அடித்தார். அந்த நொடியில் மேட்ச் போயிற்று. 1316 நாள் ஒரு பழைய காயத்தால் முடிந்தது. இதை எழுதியவரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

#11 சோலோ_பக்கம்

நன்றி அண்ணே. நைட்ரோவை இந்த வாரமே பார்க்கத் தொடங்குகிறேன். எந்த வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்?

#12 பழைய_கார்டுக்காரன்

1996 மே 27. ஹால் கூட்டத்திலிருந்து இறங்கி வரும் நாள். 1997 டிசம்பர் ஸ்டார்கேட் வரை பார். ஸ்டிங் ஒரு வருடத்துக்கும் மேலாக வாயே திறக்காமல் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான், அதை ஓட்டிவிடாதே.

#13 வைகைக்கரை

கிழக்குமூலை, தம்பிக்கு உடம்பு தேறியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். நான் மேலே சொன்ன ஹெல் இன் எ செல் மேட்சை, 2020 அக்டோபர் 25, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் திரும்பப் பாருங்கள். அப்புறம் 2025 ஜனவரி 6, ராவின் முதல் நெட்ஃபிளிக்ஸ் நிகழ்ச்சியில் சோலோவை ரோமன் வென்றபின் வரும் காட்சியைப் போடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நான் என்ன பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

#14 கிழக்குமூலை

பார்த்துவிட்டோம். நேற்று இரவு.

2020 காட்சி. அரங்கில் ஆளே இல்லை, சுற்றிலும் திரைகளில் ரசிகர்களின் முகங்கள். "விட்டுவிடுகிறேன்" என்று சொல்பவர் தோற்கும் மேட்ச் அது. ஜே எவ்வளவு அடி வாங்கியும் அதைச் சொல்லவில்லை. ஜிம்மி ஓடிவந்து தம்பிமேல் படுத்துக்கொள்கிறான். ரோமன் அழுகிறார், ஜிம்மியிடம் கை நீட்டுகிறார், ஜிம்மி நம்பிக் கையைக் கொடுக்கிறான், அந்தக் கையைப் பிடித்து இழுத்தே கழுத்தை நெரிக்கிறார். ஜே ஆட்டத்தை விட்டது அப்போதுதான். தன் வலிக்காக விடவில்லை. அண்ணனுக்காக விட்டான்.

பிறகு ரோமன் நுழைவாயில் பக்கம் போகிறார். அங்கே இரண்டு கிழவர்கள் நிற்கிறார்கள். அஃபாவும் சீக்காவும். பெரியப்பாவும் சொந்த அப்பாவும். அவர்கள் கையால் அந்தச் சிவப்பு மாலை கழுத்தில் விழுகிறது. பின்னால் ரிங்கில் அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

2025 காட்சி. லாஸ் ஏஞ்சலஸ், அரங்கம் நிறைந்து வழிகிறது. ரோமன் ஜெயிக்கிறார். மாலை திரும்பக் கிடைக்கிறது. கழுத்தில் போடுவது ராக். தம்பி கேட்டான், "அந்த ரெண்டு தாத்தாவும் எங்கண்ணா?" சீக்கா 2024 ஜூனில் போனார், ஆகஸ்டில் அஃபா போனார் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

வைகைக்கரை, நீங்கள் பார்க்கச் சொன்னது இதைத்தானே?

என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். சான் அன்டோனியோ இல்லை. 2020 அக்டோபர் 25 அன்றே, மாலை விழுந்த அதே நிமிடத்தில் உடைந்துவிட்டது. ஜே எந்தக் கட்டத்திலும் மனதார ஏற்கவில்லை. அண்ணன் கழுத்துக்காகத் தலையாட்டினான். அப்புறம் நடந்தது எல்லாம், சட்டை, சாமி, ஒற்றை விரல், 622 நாள், லண்டன், அந்தத் தலையாட்டலை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள ஆன காலம்.

அதே 2025 ஜனவரி 6 இரவில் ஜே தனியாக வந்து ட்ரூ மெக்கின்டயரை வென்றான். கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்தபோது அரங்கம் முழுக்க அவனோடு கை ஆட்டியது. காய்ச்சல் விட்டுச் சோர்ந்து போயிருந்த தம்பி படுக்கையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.